திரிஷாவின் ஜானு, சமந்தாவின் ஜானு: ரீமேக் ஆகும்போது நாயகி என்ன ஆகிறாள்?

ஒரு படம் வேறு மொழிக்குப் போகும்போது ஹீரோவுக்குக் கவனிப்பு அதிகம். அந்த ஊர் ஸ்டாருக்கு ஏற்ற மாதிரி அறிமுகக் காட்சி, ஒரு சண்டை, நாலு பஞ்ச் வசனம் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஹீரோயின் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. அவளுடைய தயக்கம், கோபம், சொந்த முடிவு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் பாட்டும் காஸ்ட்யூமும் மட்டும் மிஞ்சும்.

'96' படத்தின் ஜானுவுக்கு அப்படி ஆகவில்லை. தமிழிலிருந்து தெலுங்குக்குப் போயும் அவள் ஜானுவாகவே இருந்தாள். அது எப்படி நடந்தது? அப்படியும் எந்த இடத்தில் மாறினாள்? ஒரு காதல் படத்தில் பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதை நாம் ஏன் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

(முன்கூட்டியே ஒன்று: இதில் பல படங்களின் கிளைமாக்ஸ் வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

முதலில் அடிப்படைத் தகவல்கள்

'96' வெளியானது 2018 அக்டோபர் 4-ம் தேதி. அதுவரை ஒளிப்பதிவாளராக இருந்த சி.பிரேம்குமார் இயக்கிய முதல் படம். ராமச்சந்திரனாக விஜய் சேதுபதி, ஜானகி தேவியாக திரிஷா. பள்ளிப் பருவத்தில் ஆதித்யா பாஸ்கரும் கௌரி கிஷனும் நடித்தார்கள். இசை கோவிந்த் வசந்தா.

கதை எளிமையானது. தஞ்சாவூர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ராமும் ஜானுவும். ராமின் குடும்பம் கடன் பிரச்சினையால் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்கிறது. 22 வருடம் கழித்து சென்னையில் 1996 பேட்ச் மாணவர்களின் ரீயூனியன். ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். ராம் டிராவல் போட்டோகிராஃபர்; கல்யாணமே ஆகவில்லை. அன்று இரவு முழுக்கப் பேசுகிறார்கள். விடிந்ததும் அவள் விமானம் ஏறுகிறாள். அவ்வளவுதான் படம்.

கன்னடத்தில் '99' என்ற பெயரில் 2019 மே 1-ம் தேதி வந்தது. கணேஷும் பாவனாவும் நடித்தார்கள், இயக்கம் ப்ரீத்தம் குப்பி. தெலுங்கில் 2020 பிப்ரவரி 7-ம் தேதி 'ஜானு' என்ற பெயரில் வந்தது. தயாரிப்பு தில் ராஜு. ராமாக சர்வானந்த், ஜானுவாக சமந்தா. தெலுங்கையும் பிரேம்குமாரே இயக்கினார். இசை அதே கோவிந்த் வசந்தா. சின்ன வயது ஜானுவாக அங்கேயும் கௌரி கிஷன்தான்.

தலைப்பைக் கவனியுங்கள். தமிழில் படத்தின் பெயர் ஒரு வருடம். தெலுங்கில் படத்தின் பெயரே நாயகி.

ஜானுவிடம் என்ன விசேஷம்?

'பழைய காதலி' என்ற கதாபாத்திரம் தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. ஹீரோவின் நினைவில் வருவாள், ஒரு பாட்டு பாடுவாள், போய்விடுவாள். அவளுக்கு என்ன ஆனது, அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

'96'-ன் முதல் பாதியும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறது. ராம் தஞ்சாவூருக்கு வருகிறான், பழைய பள்ளிக்கூடத்துக்குள் போகிறான், நினைவுகள் வருகின்றன. அவள் கை வைத்தால் மயங்கி விழுகிற பையன் அவன். நாம் அவன் கண்ணால் அவளைப் பார்க்கிறோம்.

ஜானு நேரில் வந்து நின்றதும் நிலைமை தலைகீழ். அதற்குப் பிறகு படத்தை நகர்த்துவது அவள்தான். கேள்வி கேட்பது அவள். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்கிறாள். ஒரு பெண் ஆணிடம் கேட்கத் தயங்கும் கேள்வியையும் நேராகக் கேட்கிறாள். சலூனுக்குக் கூட்டிப்போகிறாள். அதட்டுகிறாள், கிண்டல் செய்கிறாள், அழுகிறாள், கல்யாணம் செய்துகொள் என்று புத்தியும் சொல்கிறாள். ராம் பெரும்பாலும் பதில் சொல்கிறான், அல்லது பதில் சொல்லாமல் நெளிகிறான்.

அவள் ஒரு கதையும் சொல்கிறாள். ராமிடம் போட்டோகிராஃபி படிக்கும் மாணவிகள் அவளை அவன் மனைவி என்று நினைத்துவிட, அவள் மறுக்கவில்லை. நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறாள். ராம் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். தங்கள் காதல் எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையை இயக்குநர் அவளிடம் கொடுத்திருக்கிறார்.

அதே சமயம், வீட்டை விட்டு வந்தவளாகவோ, கணவன் கொடுமைக்காரன் என்று புலம்புகிறவளாகவோ அவளைக் காட்டவில்லை. அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அது மோசமான வாழ்க்கை இல்லை. இந்த இரவும் அவளுக்கு வேண்டியிருக்கிறது. இரண்டுமே உண்மை. வில்லன் யாரும் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணின் மனசை எழுதுவதுதான் கஷ்டம். அது இந்தப் படத்தில் நடந்திருக்கிறது.

அந்தக் கல்லூரிக் காட்சி சொல்லும் விஷயம்

படத்தின் முக்கியமான முடிச்சு ஒன்று. ஊரை விட்டுப் போன ராம் பிறகு ஒருநாள் ஜானுவைத் தேடி அவள் படிக்கும் பெண்கள் கல்லூரிக்கு வருகிறான். உள்ளே சொல்லி அனுப்புகிறான். அவள் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகப் பதில் வருகிறது. அவன் போய்விடுகிறான். அவன் மனசில் பல வருடமாக இருப்பது 'அவள் மறுத்துவிட்டாள்' என்ற கதை.

ஜானுவின் கதை வேறு. வந்தது ராம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. வேறு ஒருவன் என்று நினைத்துத்தான் மறுத்திருக்கிறாள்.

இதைச் சாதாரண 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' என்று கடந்துவிடலாம். ஆனா, கொஞ்சம் அவள் பக்கம் நின்று பாருங்கள். கல்லூரி வாசலில் ஒரு ஆண் நின்று பெயர் சொல்லி ஆள் அனுப்பினால், ஒரு பெண் முதலில் என்ன நினைப்பாள்? 'தொல்லை' என்று. அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருக்கிறது. பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று நம்பும் ஊரில், உண்மையாக நேசித்தவன் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாமல் போகும்.

பின்தொடர்ந்தே பெண்ணின் மனசை ஜெயிக்கும் ஹீரோக்களை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம். இந்தியாவில் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் தனிக் குற்றமானது: இந்திய தண்டனைச் சட்டம் 354டி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. '96' சட்டம் பேசும் படம் இல்லை. ஆனா, ஒரு பெண் சொன்ன 'வேண்டாம்' என்பதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளையே பேசவைத்த படம்.

இன்னொன்றும் உண்டு. ராம் அந்த ஒரு மறுப்போடு திரும்பிப் போனான். மறுபடி மறுபடி வாசலில் நிற்கவில்லை. அவனுக்கு அதனால் நஷ்டம்தான். ஆனாலும் 22 வருடம் கழித்து ஜானு அவனோடு ஒரு இரவு முழுக்க பயமில்லாமல் பேச முடிந்ததற்கு, அவன் அப்படிப்பட்டவன் என்பதுதான் காரணம்.

தலைவி கூற்று: பழைய இலக்கணத்தில் ஒரு சாவி

பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் 'தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று' என்று படித்தது ஞாபகம் இருக்கா? சங்க அகப்பாடல்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பேசுகிறார்கள் என்று ஒரு குறிப்பு இருக்கும். எழுதிய புலவர் ஆணோ பெண்ணோ, பாட்டில் குரல் அந்தப் பாத்திரத்துடையது. குறுந்தொகையை எடுத்தால் தலைவியும் தோழியும் பேசும் பாட்டுகள் ஏராளம். காதலில் பெண் என்ன நினைக்கிறாள் என்பது நம் இலக்கியத்தில் இரண்டாயிரம் வருடப் பழைய விஷயம்.

அந்த அளவுகோலை எடுத்து சினிமா மீது வைத்துப் பாருங்கள். இந்த சீன் யாருடைய கூற்று? '96'-ன் முதல் பாதி தலைவன் கூற்று, இரண்டாம் பாதி தலைவி கூற்று. நடுவில் தேவதர்ஷினி நடித்த சுபா, அச்சு அசலான தோழி.

ரீமேக் ஆகும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். தலைவி கூற்றாக இருந்த காட்சி அப்படியே இருக்கிறதா, இல்லை தலைவன் கூற்றாக மாறிவிட்டதா?

தெலுங்கில் என்ன மாறியது?

காட்சி வரிசையில் பெரிய மாற்றம் இல்லை. கிட்டத்தட்ட சீனுக்கு சீன் அதே படம். தஞ்சாவூர் இருந்த இடத்தில் விசாகப்பட்டினம் வந்தது. சென்னை இருந்த இடத்தில் ஹைதராபாத். பாடகி எஸ்.ஜானகியின் பெயரை நாயகிக்கு வைத்திருப்பது அங்கேயும் பொருந்தியது. ஜானகி அம்மா பிறந்ததே ஆந்திராவில்தான்; இரு மாநிலத்துக்கும் சொந்தக்காரர்.

ஆக, கேள்வி கேட்கும் உரிமை ஜானுவிடமே இருந்தது. ஹீரோவைப் பெரிதாக்க அவளைக் குறைக்கவில்லை. ஒரே இயக்குநர் இரண்டையும் எடுத்தது இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

மாறியது இரண்டு: நடிப்பு, காலம்.

திரிஷாவின் ஜானு அடக்கமானவள். கோபமும் வருத்தமும் முகத்துக்கு வருவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கிறாள். குடும்பம், குழந்தை என்று வாழ்ந்து பழகிய ஒருத்தி, உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் உடைந்து அழும் இடத்தில் நமக்கும் ஏதோ உடைகிறது. 2002-ல் 'மௌனம் பேசியதே' தொடங்கி அவரைப் பார்த்து வளர்ந்த ரசிகர்களுக்கு, ரீயூனியனுக்கு வந்து நிற்பது தங்கள் பழைய தோழி மாதிரியே இருந்தது. இந்த வேடத்துக்காக ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார் திரிஷா.

சமந்தாவின் ஜானு வேகமானவள். சிரிப்பு சட்டென்று வரும். கண்ணீர் எப்போதும் இமை ஓரத்திலேயே நிற்கும். அவள் கேட்கும் கேள்விகளில் 'எதற்காக இப்படிச் செய்தாய்' என்ற குற்றச்சாட்டு கொஞ்சம் தூக்கலாகக் கேட்கிறது. திரிஷா கடந்ததை ஏற்றுக்கொண்டவளாகத் தெரிந்தால், சமந்தா இன்னும் ஏற்க மறுப்பவளாகத் தெரிகிறார். எது சிறந்தது என்ற சண்டை தேவையில்லை. ஒரே வசனத்துக்கு இரண்டு பெண்கள் இரண்டு மனசு கொடுத்திருக்கிறார்கள்.

1996-க்கும் 2004-க்கும் நடுவில் ஒரு செல்போன்

தெலுங்கில் இவர்கள் 2004 பேட்ச். எட்டு வருட வித்தியாசம்தானே என்று தோன்றும். இங்கேதான் கதையின் அடித்தளமே லேசாக நகர்கிறது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது 1995 ஜூலை 31-ம் தேதி, கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே. 1996-ல் தஞ்சாவூரில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு செல்போன் என்பது கேள்விப்படாத பொருள். தெருமுனை எஸ்.டி.டி. பூத், பக்கத்து வீட்டு லேண்ட்லைன், கடிதம். புது விலாசம் தெரியாவிட்டால் அந்த ஆள் தொலைந்த மாதிரிதான். ராம் காணாமல் போனால் ஜானுவால் தேடவே முடியாது.

2004-ல் நிலைமை வேறு. கல்லூரிப் பிள்ளைகள் கையில் செல்போன் வரத் தொடங்கிவிட்டது. ஆர்குட் தொடங்கியதும் அந்த வருடம்தான். அடுத்த சில வருடங்களில் பள்ளி நண்பர்களைத் தேடிப் பிடிப்பதே பலருக்குப் பொழுதுபோக்கானது. அதனால் தெலுங்கு ரசிகர் மனசில் ஒரு கேள்வி இயல்பாக வரும்: ஒரு தடவை தேடியிருக்கலாமே?

தமிழில் பிரிவுக்குப் பாதிப் பழி காலத்தின் மேல் விழுகிறது. தெலுங்கில் அந்தப் பழி மனிதர்கள் மேல், குறிப்பாக ராம் மேல் விழுகிறது. அவன் தேடாமல் இருந்தது அவனே எடுத்த முடிவாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் சமந்தாவின் கோபம் சரியான கோபம். நடிப்பு மாறியதற்கும் காலம் மாறியதற்கும் தொடர்பு இருக்கிறது.

வயதும் முக்கியம். தமிழ் ஜானு நாற்பதை நெருங்குகிறாள். தெலுங்கு ஜானு முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கிறாள். நாற்பதை நெருங்குகிறவள் விமான நிலையத்தில் விடைபெறுவது ஒரு கதவை மெதுவாகச் சாத்துவது போல. முப்பதில் அதே கதவு அவ்வளவு உறுதியாகச் சாத்திய மாதிரித் தெரியாது. நடிகர்களைப் பாராட்டியவர்கள் பலர் இருந்தும் 'ஜானு' வசூலில் '96' அளவுக்கு எடுபடவில்லை. அதற்குப் பல காரணம் இருக்கலாம். இந்தக் காலக் கணக்கும் அதில் ஒன்று என்று சொல்லலாம்.

இதே ஜோடி, சரியாகப் பத்து வருடம் முன்னால்

திரிஷாவும் சமந்தாவும் ஒரே வேடத்தைப் பங்கு போட்டது இது முதல் முறை கிடையாது. 2010 பிப்ரவரி 26-ம் தேதி கௌதம் மேனனின் படம் இரண்டு மொழியில் ஒரே நாளில் வெளியானது. தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', சிம்பு – திரிஷா. தெலுங்கில் 'ஏ மாய சேசாவே', நாக சைதன்யா – சமந்தா. அது ரீமேக் கிடையாது, இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

சுவாரசியமான தகவல்: இரண்டு ஜெஸ்ஸிக்கும் பின்னணிக் குரல் கொடுத்தது பாடகி சின்மயி. '96' ஜானுவுக்கும் அவர் குரல்தான். இன்னொன்று: சமந்தா வளர்ந்தது இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் பல்லாவரம். தெலுங்குக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகக் கொண்டாடிய ஜெஸ்ஸி நம்ம பல்லாவரத்துப் பெண்.

ஜெஸ்ஸி ஆலப்புழாவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கார்த்திக்கை விட வயதில் மூத்தவள். வேண்டும் என்கிறாள், வேண்டாம் என்கிறாள், மறுபடி வேண்டும் என்கிறாள். அப்போது நிறைய பேர் அவளை 'குழப்பவாதி' என்று திட்டினார்கள். நிதானமாகப் பார்த்தால் குழப்பம் அவளிடம் இல்லை. அவளுக்கு அப்பாவும் வேண்டும், அவனும் வேண்டும். தேவாலயத்தில் மணமேடை வரை போய், பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இருக்கிறது. அதற்காகக் கார்த்திக்கோடு ஓடிப்போகவும் இல்லை. இரண்டு பக்கமும் அவளுக்கு நெருக்கடி.

முடிவைப் பாருங்கள். தமிழில் ஜெஸ்ஸி வேறு ஒருவரை மணந்துகொள்கிறாள். தெலுங்கில் இருவரும் சேர்கிறார்கள். ஒரே பெண், ஒரே தயக்கம். தமிழில் அந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. தெலுங்கில் அது கடந்துபோகும் ஒரு கட்டம். கிளைமாக்ஸ் மாறினால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் மாறுவதில்லை. அதற்கு முன்னால் அவள் பேசிய ஒவ்வொரு வசனத்தின் அர்த்தமும் மாறிவிடுகிறது.

தமிழ் வடிவம் சென்னை அண்ணா நகர் விஆர் மால் திரையரங்கில் மறுதிரையிடலாக 1000 நாளைத் தாண்டி ஓடியது. முடிவு தெரிந்தும் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஜெஸ்ஸியை இன்னும் பேசித் தீரவில்லை என்றுதான் அர்த்தம்.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவள்: ஹாசினி

இதுவரை பார்த்தது தமிழிலிருந்து போனவள். அங்கிருந்து இங்கே வந்தவளும் இருக்கிறாள். 2006-ல் பாஸ்கர் இயக்கத்தில் வந்த 'பொம்மரில்லு', 2008-ல் ராஜா இயக்கத்தில் 'சந்தோஷ் சுப்பிரமணியம்' ஆனது. இரண்டிலும் ஹாசினி ஜெனிலியாதான்.

ஹாசினியை நாம் 'லூசுப் பொண்ணு' பட்டியலில் சேர்த்துவிட்டோம். ஒரு தடவை தலை முட்டினால் கொம்பு முளைக்கும் என்று இன்னொரு தடவை முட்டும் பெண். அந்த வருடங்களில் அப்படி ஒரு டெம்ப்ளேட்டே உருவானது.

ஆனா, படம் அதோடு நிற்கவில்லை. ஹீரோவின் வீட்டில் ஒரு வாரம் தங்கி எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. ஹாசினி முயற்சி செய்கிறாள். பேச்சைக் குறைக்கிறாள், சிரிப்பைக் குறைக்கிறாள். ஒரு கட்டத்தில் அவனே அவளிடம் 'அப்படி இரு, இப்படி இரு' என்று சொல்லத் தொடங்குகிறான். தன்னை எதற்காக அவனுக்குப் பிடித்ததோ அதுவே இப்போது பிரச்சினை என்று புரிந்ததும் அவள் கிளம்பிவிடுகிறாள்.

கைத்தட்டல் வாங்கியது மகன் அப்பாவிடம் கொட்டித் தீர்க்கும் கிளைமாக்ஸ். ஆனா, ஹாசினி அந்த வீட்டை விட்டுப் போகாவிட்டால் அவன் வாய் திறந்திருக்கவே மாட்டான். தமிழ் ரீமேக் அந்த இடத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது.

கேமரா போகாத இடம்: ப்ரீத்தி

எல்லா நாயகிகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 2017-ல் தெலுங்கில் வந்த 'அர்ஜுன் ரெட்டி' ஹிந்தியில் 'கபீர் சிங்' ஆனது. தமிழில் பாலா இயக்கிய 'வர்மா' கைவிடப்பட்டு, 2019 நவம்பரில் 'ஆதித்ய வர்மா' வந்தது. 'வர்மா' 2020-ல் ஓ.டி.டி.யில் வெளியானது.

நாயகி ப்ரீத்தியின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை என்ற விமர்சனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட ஒன்று இருக்கிறது. ப்ரீத்தி வீட்டார் செய்துவைத்த கல்யாணத்தை விட்டு சில நாளிலேயே வெளியேறுகிறாள். வயிற்றில் குழந்தையோடு தனியாக வேலைக்குப் போய் வாழ்கிறாள். படத்தில் யாருமே எடுக்காத துணிச்சலான முடிவு அது. ஆனா, அதில் எதையும் நாம் பார்ப்பதில்லை. ஹீரோ குடிப்பதைத்தான் பார்க்கிறோம். கடைசியில் சில வசனத்தில் அவள் சொல்லி முடிக்கிறாள்.

ரீமேக் என்பது விட்டுப்போனதைச் சேர்க்கக் கிடைத்த வாய்ப்பு. ப்ரீத்தி தனியாக வாழ்ந்த அந்த மாதங்களை ஒரு பத்து நிமிடமாவது காட்டியிருந்தால் அது வேறு படம் ஆகியிருக்கும்.

மாமல்லபுரம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்

ஒரே பாத்திரத்தை எப்படி எல்லாம் காட்டலாம் என்பதற்கு ஈ.சி.ஆரில் ஒரு நல்ல உதாரணம் கல்லிலேயே இருக்கிறது. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி குகை. அங்கே கொற்றவை சிங்கத்தின் மேல் ஏறி, வில்லை வளைத்து, சண்டையின் நடுவில் இருக்கிறாள். எருமைத் தலை அசுரன் கதாயுதத்தோடு பின்வாங்கிக்கொண்டிருக்கிறான். இன்னும் ஜெயிக்கவில்லை, ஜெயித்துக்கொண்டிருக்கிறாள்.

அதே ஊரில் ஆதிவராகர் குகையில் அவள் எருமைத் தலை மேல் அமைதியாக நிற்கிறாள். சண்டை முடிந்துவிட்டது. திரௌபதி ரதத்தில் பக்தர்கள் காலடியில் மண்டியிட, தெய்வமாக நிற்கிறாள்.

மூன்றும் ஒரே பெண்தான். எந்த நொடியில் அவளைக் காட்டுவது என்று சிற்பி முடிவு செய்கிறான். ஒரு சிற்பி செயலின் நடுவில் பிடித்தான், இன்னொருவன் செயல் முடிந்த பிறகு. ஜானுவை நாம் செயலின் நடுவில் பார்க்கிறோம். ப்ரீத்தியை எல்லாம் முடிந்த பிறகு பார்க்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அதுதான் எல்லாமே.

அடுத்த ரீமேக் பார்க்கும்போது கவனிக்க நாலு கேள்விகள்

1. படத்தில் அவள் எடுக்கும் பெரிய முடிவு திரையில் நடக்கிறதா, இல்லை யாரோ சொல்லித் தெரிகிறதா?

2. அவள் 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்கப்படுகிறதா, இல்லை ஹீரோவின் அடுத்த முயற்சிக்கு அது ஒரு இடைவேளையா?

3. மூல மொழியில் அவள் பேசிய இடம், இங்கே ஹீரோவின் வசனமாகவோ பாட்டாகவோ மாறியிருக்கிறதா?

4. ஹீரோ இல்லாத ஒரு சீனிலாவது அவள் இருக்கிறாளா? அங்கே என்ன பேசுகிறாள்?

இப்போது இதை ஏன் பேச வேண்டும்?

ரீமேக் குறைந்துவருகிறது. ஓ.டி.டி. வந்த பிறகு மூலப் படத்தையே சப்டைட்டிலோடு பார்த்துவிடுகிறோம். பெரிய படங்கள் ஐந்து மொழியில் டப்பிங்கோடு ஒரே நாளில் வருகின்றன. டப்பிங்கில் உதட்டசைவு மட்டும்தான் கணக்கு. ஊருக்கு ஏற்ப ஒரு பெண்ணை மறுபடி யோசித்து எழுதும் வாய்ப்பு அதில் கிடையாது. ஐந்து மாநிலத்துக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதும்போது, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத நாயகிதான் பல சமயம் கிடைக்கிறாள்.

ஜானு அப்படி இல்லை. தஞ்சாவூர் ஜானுவுக்கு 1996-ன் எஸ்.டி.டி. பூத் இருந்தது. விசாகப்பட்டினம் ஜானுவுக்கு 2004-ன் செல்போன் இருந்தது. அதனால் ஒருத்தி ஏற்றுக்கொண்டாள், இன்னொருத்தி கோபப்பட்டாள்.

இரண்டு படத்திலும் மாறாதது ஒன்று உண்டு. அவள் எதற்காக வந்தாள், எதற்காகத் திரும்பிப் போகிறாள் என்பதை அவளே சொல்கிறாள். ராம் குறுக்கே பேசாமல் கேட்கிறான். '96'-ஐ மறுபடி பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், இந்த முறை ராமை விட்டுவிட்டு ஜானு பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வேறு ஒரு படம் தெரியும்.